தீவகத்துச் சிறுபடகுகளும் உயிர்க்காவலும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், வீதியின் இருபுறமும் முழங்காலளவும் இடுப்பளவுமாகப் பரந்து கிடக்கும் பரவைக் கடலிலே, கம்புகள் நெடுவரிசையாக நடப்பட்டு, அவ்வரிசைகள் சென்று சேருமிடத்தில் வலையால் ஓர் அடைப்புக் கட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சிறகுவலை என்று வழங்கும் இவ்வமைப்பில் மீனை எவரும் துரத்துவதில்லை. நீரோட்டத்தோடு அலைந்து வரும் இறாலும் மீனும், குறுக்கே நிற்கும் வலைச்சிறகைக் கண்டவுடன் ஆழத்தை நோக்கித் திரும்பும் இயல்புடையன ஆதலின், அச்சிறகின் ஓரமாகவே சென்று, உட்புகுதல் எளிதாயும் வெளியேறுதல் அரிதாயும் அமைந்த அடைப்பினுள் தாமாகவே அகப்பட்டு விடுகின்றன. கடலின் குணத்தையும் மீனின் குணத்தையும் இத்துணை நுட்பமாக அறிந்து, சொற்ப முதலில் ஜீவனம் நடத்தக் கற்றுக்கொண்ட ஒரு சமூகம், தன் உயிரைக் காக்கும் சாதனங்களின் விஷயத்தில் மாத்திரம் அதே கருத்தைச் செலுத்தவில்லையே என்னும் கவலைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தீவகம் என்று நாம் சொல்லும் பிரதேசத்தில், ஊர்காவற்றுறைப் பட்டினத்தைத் தன் ஒரு முனையிற் கொண்ட வேலணைத் தீவும், புங்குடுதீவும், மண்டைதீவும், காரைநகரும் தாம்போதிகளால் தரையோடு இணைக்கப்பட்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கிற்கும் இன்றும் படகன்றி வேறு வழியில்லை. இவற்றைச் சூழ்ந்த பாக்கு நீரிணையும் பாக்கு விரிகுடாவும் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்துக்கு உட்பட்டவையே. ஆழமில்லாத கடல் அபாயமில்லாத கடல் என்று தரையிலிருப்போர் நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு மாறானது. ஆழ்ந்த சமுத்திரத்தில் நீண்டு, மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழும் அலை, ஆழங்குறைந்த நீரிலே குறுகிச் செங்குத்தாக எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி வந்து மோதுகின்றது. காற்று எழுந்து சிறிது நேரத்துக்குள்ளேயே, 20 அடி நீளமுள்ள படகுக்குள் நீர் ஏறும் நிலை இங்கே உண்டாகிவிடும்.

அந்தப் படகும் முன்னிருந்த படகன்று. கட்டுமரமும், பாயும் துடுப்பும் கொண்ட மரவள்ளமுமே தொழிற்சாதனங்களாக இருந்த காலம் மாறி, 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டு மக்களின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டத் தலைப்பட்டது; அதற்குப்பின் பைபர் படகும், அதன் பின்னணியத்தில் மாட்டும் மிசினுமே தொழிலின் அடையாளமாயின. மிசின் வந்தபின் தூரம் குறைந்தது. ஆனால் தொழிலாளி மண்ணெண்ணெய்க்கு அடிமையானான். 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, கடலுக்குப் போவதா, கரையில் இருப்பதா என்பது ஒவ்வொரு விடியலிலும் கணக்குப் பார்த்துத் தீர்க்கவேண்டிய பிரச்சினையாயிற்று. செலவு ஏறும்போது மனிதன் முதலிற் குறைப்பது, இன்றே பயன்தராத பொருள்களைத்தான். உயிர்காப்பு அங்கி அந்த வரிசையில் முதலாவதாக நிற்கின்றது.

வலைகளைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் அதுவே தனி நூலாகும். சூடைக்கு ஒரு கண்ணளவு, கும்பளாவுக்கு ஒன்று, திருக்கைக்கு ஒன்று என, எந்த மீனை நாடிப் போகிறார்களோ அதன் உடற்பருமனுக்கு ஏற்ப வலைக்கண் அமைகின்றது. பருத்தி நூலால் வலை பின்னி, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துப் பதப்படுத்திய முன்னோர் உழைப்பை நைலோன் நூல் இல்லாமற் செய்துவிட்டது, அது நன்மையே. ஆனால் அதனைத் தொடர்ந்து வந்த தங்கூசி வலை நன்மையென்று சொல்லத்தக்கதன்று. விலை மலிவாயும், நீரிற் கண்ணுக்குப் புலப்படாததாயும் இருக்கும் அது, அறுந்து கடலடியிற் கிடந்தாலும் மக்காமல், எடுப்பாரின்றி மீனையும் நண்டையும் கொன்றுகொண்டே இருக்கும். இலங்கையில் அது தடைசெய்யப்பட்டிருப்பது முற்றிலும் நியாயம்.

இன்று தீவகத்துக் கரைகளில் அதிகம் காணப்படுவது நண்டு வலை. மாலையில் கடற்புற்கள் நிறைந்த தரைமீது அடியோடு படியுமாறு பாய்ச்சி, மறுநாட் காலை சென்று இழுக்கிறார்கள். வலையை இழுப்பதைவிட நண்டைக் கழற்றுவதே பெரிய வேலை. கரையேறிய படகின் அருகே குடும்பத்தார் கூடியிருந்து, நூலிற் சிக்குண்ட நீலக்கால் நண்டின் முதுகை ஒரு கையால் அழுத்தி, மறு கையின் விரலால் ஒவ்வொரு காலையும் சுற்றியிருக்கும் கண்ணிகளை விலக்கி, கடிக்கும் கவடு முறியாமல் எடுக்கும் லாவகத்தை நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்; கவடு முறிந்த நண்டுக்கு விலை பாதியாகிவிடும் என்ற பயம் அவ்விரல்களின் ஒவ்வோர் அசைவிலும் இருக்கும். வயிற்றில் முட்டை சுமந்து வரும் சினை நண்டை உயிரோடு கடலில் விடுவது அடுத்த ஆண்டின் பிடிப்புக்கு இடும் விதை. அதனைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், செய்யாதவர்களும் இருக்கிறார்கள்.

தூண்டில் தொழில் வலையைப்போல் முதல் கேட்பதன்று. ஆனால் அறிவு கேட்பது. பாறைகளை அண்டி வாழும் கலவாய்க்கும் விளைமீனுக்கும், அடியிலே ஈயக்குண்டு தங்க, இரை சற்றே மேலே ஆடுமாறு கயிறு விடவேண்டும். இரைகளில் இறால் எல்லா மீனும் விரும்புவது, எனினும் சிறு மீன்கள் கொத்தித் தின்றுவிட்டு வெறுந் தூண்டிலை விட்டுச் செல்லும். கணவாய்த் துண்டு தோற்போல் இழுபட்டு நெடுநேரம் நிற்கும். புதிதாகப் பிடித்த சூடையின் எண்ணெய் மணம் தூரத்து மீனையும் அழைத்து வரும். அறுக்குளாவும் சீலாவும் இவ்வாறு காத்திருந்து பிடிக்கத்தக்கவை அல்ல. ஓடும் படகின் பின்னே, பளபளக்கும் போலி இரையை நீர்மட்டத்தை ஒட்டி இழுத்துச் செல்லவேண்டும். சீலாவின் பல் தங்கூசியை ஒரே கடியில் நறுக்கிவிடுமாதலால், தூண்டிலுக்கு முன் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி கட்டுவார்கள். பாசி மேய்ந்து வாழும் ஒராவோ மீனிரையை அவ்வளவாக நாடுவதில்லை. அதற்குக் கூடு வைப்பதே வழி. கூழுக்கு இதைவிட உருசியான மீன் இல்லையென்று தீவகத்தார் சாதிப்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

ஒராவின் செட்டை முள்ளிலும், கெளிற்றின் முள்ளிலும், திருக்கையின் வால்முள்ளிலும் விஷம் உண்டு. குத்துண்டவர் கையை அல்லது காலை, பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். அந்த விஷம் சூட்டில் வலுவிழப்பது. எனினும் திருக்கை முள் ஆழப் பாய்ந்திருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ, முள்ளைப் பிடுங்க முயலாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். சிறுபடகில் நேரும் அபாயங்களிற் பல புயலில் தொடங்குவதில்லை. ஓடாமல் நின்றுபோன மிசினில் தொடங்குகின்றன. மிசின் நின்ற படகு காற்றின் வசமாகிவிடுகின்றது. ஏறத்தாழ ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கிலிருந்து வீசும் வாடையில், அது தென்மேற்கே இராமேசுவரக் கரையை நோக்கி ஒதுங்கும். அவ்வாறு எல்லை தாண்டி ஒதுங்கியவர்கள் அந்நிய நாட்டில் கைதாகி, மாதக்கணக்கில் வழக்குக்காகக் காத்திருக்க நேர்ந்ததும் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்திலோ, நெடுந்தீவுக்கு மேற்கே நின்ற படகு நீரிணையின் வாய் வழியாக வங்காள விரிகுடாவை நோக்கிப் போய்விடும். அத்திசையில் அடுத்த கரை எங்கே இருக்கிறதென்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகின்றது.

இந்த இடத்தில்தான் ஆழமில்லாத கடல் நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது. ஆயிரம் மீற்றர் ஆழமுள்ள கடலில் நங்கூரத்தால் யாது பயன்? பாக்கு நீரிணையிலோ 10 மீற்றர் ஆழத்துக்கு 50 மீற்றர் கயிறு விட்டால் நங்கூரம் தரையைக் கவ்விப் பிடிக்கும். கயிறு நீண்டு சாய்வாகக் கிடந்தால்தான் நங்கூரத்தின் நகம் மண்ணைக் கிளறி ஊன்றும், செங்குத்தாக நின்றால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். படகு நின்ற இடத்தில் நின்றால், தேடி வருபவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஆகையால் தீவகக் கடலில் முதலாவது உயிர்காப்புச் சாதனம் எதுவென்று கேட்டால், போதிய கயிற்றோடு கூடிய நல்ல நங்கூரம் என்றே நான் சொல்வேன். கயிற்றில் பாதியை வலைக்கு அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் படகுகளைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை.

இரண்டாவது, படகே மிதவையாதல். கட்டுமரம் கவிழலாம், மூழ்காது. மரவள்ளமும் நீர் நிறைந்தாலும் பெரும்பாலும் மிதந்து கிடக்கும். கண்ணாடியிழையோ தண்ணீரைவிடக் கனமான பொருள். அதற்குள் காற்றடைத்த அறையோ நுரைப்பொருளோ வைத்துக் கட்டப்படாவிடில், நீர் நிறைந்தவுடன் மிசினின் பாரத்தோடு அடியே போய்விடும். பழைய படகுகளில் அந்த நுரை ஊறிக் கெட்டிருக்கும். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கான்களை இருக்கைப் பலகைகளின் அடியில் உறுதியாகக் கட்டிவைப்பது காசு அதிகம் வேண்டாத பரிகாரம். கரையோர நீரில் படகை ஒருமுறை நிரப்பிப் பார்த்தால் அதன் தகுதி தெரிந்துவிடும். கவிழ்ந்த படகை விட்டு ஒருவரும் நீந்திப் போகக்கூடாது என்னும் விதியும் இதனோடு சேர்ந்தது. மனிதத் தலையைவிடப் படகு தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, அங்கி. "அதைப் போட்டுக்கொண்டு வலை இழுக்கேலாது, ஐயா; வேர்த்துக் கொட்டும்" என்று சொல்லும் தொழிலாளியைக் குறை சொல்லுதல் அநியாயம். வெயிலிலே தடித்த நுரை அங்கியை நாள் முழுவதும் அணிவது இலகுவன்று. அதன் பட்டிகள் வலையில் மாட்டிக்கொள்ளும் என்பதும் உண்மையே. ஆயினும் அங்கிகளிலும் பேதம் உண்டு. 50 நியூட்டன் மிதப்புடையது மெல்லியது, வேலைக்கு இசைவானது; நீந்தத் தெரிந்து நினைவோடிருப்பவனுக்கு அது துணைசெய்யும். 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் மிதப்புடையது, அமைதியான நீரில் நினைவு தப்பியவனையும் முகம் மேலே இருக்கத் திருப்பவல்லது. வலை இழுக்கும்போது முன்னதையும், இரவிலும் காற்றிலும் தனித்துப் போகும்போதும் பின்னதையும் அணிவது நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு. அங்கி படகின் அணியத்தில் மூட்டையாகக் கிடந்தால் அதனால் உபகாரம் இல்லை. தவறி விழுகிறவனுக்கு அதைத் தேடி எடுக்க அவகாசம் கிடைப்பதில்லை. மிசின் ஓட்டுகிறவர் கையோடு பூட்டிக்கொள்ளும் சிறு கயிறும் இத்தகையதே. அவர் விழுந்தால் கயிறு இழுபட்டு மிசின் நின்றுவிடும். இல்லையேல் ஆளற்ற படகு அவரை விட்டுவிட்டு ஓடும், அல்லது வட்டமிட்டு அவர்மேலேயே வரும்.

விசில், நீர்புகாத டோர்ச், நீர்புகாத உறையிலிட்ட கைபேசி, நீர் இறைக்க ஒரு வாளி, குடிநீர், மேலதிகமாக ஒரு துடுப்பு: இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இயலுமாயின் இரண்டு மூன்று படகுகள் சேர்ந்து செல்வதும், போகும் திசையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலே சொல்லிச் செல்வதும் செலவில்லாத காவல்கள். நயினாதீவுக் கோபுரத்தையும் காரைநகர்க் கோவளம் வெளிச்சவீட்டையும் குறிவைத்து வழி கண்ட மூத்தோரின் அறிவை, கைபேசி காட்டும் வரைபடத்தால் ஈடுசெய்ய முடியாது. மின்கலம் தீர்ந்தால் வரைபடமும் தீர்ந்தது.

அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் வழி ஒரு தலைமுறை அறுந்து கிடந்ததையும் மறக்கலாகாது. 1990க்குப் பின் தீவகத்தார் பெருந்தொகையாக இடம்பெயர்ந்ததும், எஞ்சியவர்கள் அநுமதிச் சீட்டும், நேரக் கட்டுப்பாடும், தூரக் கட்டுப்பாடுமாகக் கடலைக் கரையிலிருந்தே பார்த்து வாழ்ந்ததும் அண்மைச் சரித்திரம். போர் ஓய்ந்து மீண்டும் கடலுக்குச் சென்றபோது, 1974இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வகுத்த எல்லையைத் தாண்டி வந்து அடித்தரையை வாரிச் செல்லும் இழுவைப் படகுகள் எதிர்ப்பட்டன. இலங்கை 2017இல் சட்டத்தைத் திருத்தி இழுவைத் தொழிலை அடியோடு தடைசெய்தது. எனினும் அக்கரையிலிருந்து அவை வருவது நிற்கவில்லை. அவை வரும் இரவுகளில் பாய்ச்சிய வலை மிஞ்சாது என்று அஞ்சி, வாரத்தில் சில நாள் தொழிலை விடுகிறார்கள். வலை இழந்தவன் கடன்படுகிறான்; கடன்பட்டவன் காற்றுக்குறி கண்டும் கடலுக்குப் போகிறான். அவனுக்கு அங்கியின் அருமையை மட்டும் போதிப்பது பாதி உதவியே.

மற்றப் பாதி நம் கையில் இருக்கிறது. புங்குடுதீவிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் பிறந்த மிகப் பலர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் இலண்டனிலும் வாழ்ந்து, ஊர் ஒன்றியங்கள் அமைத்து, கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் மனமுவந்து பொருள் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இவ்வாண்டுப் பட்டியலில் உங்கள் ஊர்த் துறையிலுள்ள ஒவ்வொரு படகுக்கும் இரண்டு அங்கிகளையும், ஒரு நங்கூரத்தையும், 50 மீற்றர் கயிற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பணத்தைத் தனி ஆள்களிடம் கொடாமல் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடம் ஒப்படைத்து, வாடை தொடங்குமுன் புரட்டாதி மாதத்தில் ஆண்டுதோறும் அவற்றைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.