பரணிலிருந்து இறங்குவன

தைப்பொங்கலுக்கு முன்னைய வாரத்திலும் சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னைய வாரத்திலும் நம் வீடுகள் முற்றத்துக்கு வந்துவிடுகின்றன. பெட்டிகள் வெயிலிற் காய்கின்றன. பாய்கள் வேலியிலே தொங்குகின்றன. கிணற்றடிக்கு அப்பால் ஒரு குவியல் வளர்கின்றது. இனி இவ்வீட்டில் இருத்தற்குத் தகுதியற்றவை என்று தீர்ப்புப் பெற்ற பொருள்களெல்லாம் அக்குவியலைச் சென்றடைகின்றன. தீர்ப்புக் கூறுபவர் யார் என்று கேட்டால், அன்று கையிலே தும்புத்தடி ஏந்தியிருப்பவரே. அவர் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. அந்தி சாய்வதன் முன் குவியலில் நெருப்பு வைக்கப்படுகின்றது.

வீட்டைத் துப்புரவாக்குதல் இல்லாள் பாடு. அதைப்பற்றித் தமிழ் படித்தவன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பவர் உளர். நிரம்ப இருக்கிறது. தமிழ் நூல்கள் பல அழிந்தது போர்க்களத்தில் அன்று. வீட்டு முற்றத்திலும், வாய்க்காலிலும், அடுப்பிலுமே. அக்கதைக்கு வருமுன், வெருகலின் வீட்டுக்குள் நுழைந்து பார்த்தல் நன்று.

வெருகல், திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லை. மகாவலியின் கிளையாகிய வெருகலாறு அதனை மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கின்றது. முன்னாளிலே ஆற்றைப் பாதையில் ஏறிக் கடந்தார்கள். இன்று பாலம் உண்டு. ஆற்றங்கரையிலே சித்திரவேலாயுதர் கோயில் கொண்டிருக்கின்றார். ஆறு கடலை அணுகும் தாழ்நிலம் ஆதலின், வடகீழ்ப் பருவமழை மிகும்போது மலைநாட்டில் விழுந்த மழையும் இங்கே வந்து வாசற்படியில் ஏறும். 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறந்திருக்கமாட்டார்.

இத்தகைய ஊரில் வீட்டுப் பொருளின் தரம் அது வைக்கப்பட்டிருக்கும் உயரத்தால் அறியப்படும். நனைந்தாலும் கேடில்லாதது தரையில். ஓரளவு வேண்டியது வாங்கின்மேல். நெல்லும் விதையும் அதற்கு மேல். யாதொரு காரணத்தாலும் நனையக்கூடாதது பரணில். தினைப்புனங் காப்பவர் ஏறியிருப்பதற்கும் பரண் என்றே பெயர். வயற்காவலுக்கு யானைக்கஞ்சிக் கட்டப்படுவதும் பரணே. வீட்டுப்பரணும் காவலிடந்தான். ஆனால் ஒரு வேறுபாடு. புனத்துப் பரணில் இருப்பவன் விழித்திருக்கிறான். வீட்டுப் பரணில் இருப்பதை வீட்டார் மறந்துபோகிறார்கள். வேண்டாதது என்று ஒன்றைச் சொல்லவும் மனமில்லை, வேண்டியது என்று கையாளவும் நேரமில்லை என்னும் நிலை வந்தவுடன் அப்பொருள் மேலே செல்கின்றது. மூன்று தலைமுறை கழிந்தபின், மிக அரியதும் மிகப் பயனற்றதும் ஒரே சாக்கிலே கிடக்கின்றன.

வீட்டுச் சொற்களும் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. குசினியும் அலுமாரியும் கதிரையும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. லாச்சி ஒல்லாந்தர் தந்தது. அவர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அச்சொற்களை யாரும் வெளியே எறிந்திலர். நாள்தோறும் பயன்படுவதால் அவை தப்பின. அடுக்களை என்னும் நம் சொல்லோ மெல்ல ஒதுங்குகின்றது. அது அடுதலாற் பெற்ற பெயர். சட்டிபானை அடுக்குதலாற் பெற்றதன்று. இன்றைய அடுக்களைகளைக் கண்டால் பின்னையதே பொருத்தம் என்று தோன்றும்.

அங்கே அடுக்கப்பட்டிருப்பவற்றைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டம் எருமைத் தயிருக்குப் பெயர்போனது. தயிர் உண்ணப்பட்டபின் சட்டி எஞ்சும். நல்ல சட்டி, எறிய மனம் வராது. ஒன்று பத்தாகும், பத்து நாற்பதாகும். அவற்றோடு மூடியிழந்த பிளாஸ்ரிக் பேணிகள், பழுதான மின்விசிறி, காலொடிந்த கதிரை, பிள்ளைகள் எழுதி முடித்த அப்பியாசக் கொப்பிகள், யாருக்கும் அளவில்லாத உடைகள். இவற்றை விடத் தயங்குவோர்க்கு நான் சார்பாகப் பேசமாட்டேன். மழைநீர் தேங்கிய சட்டியிலும் பேணியிலும் டெங்கு நுளம்பு முட்டையிடுகின்றது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். அவ்வாண்டின் முற்பகுதியில் இம்மாவட்டத்துக் கிண்ணியா மிகக் கொடிதாகத் தாக்குண்டது. பின்வளவில் எறிந்துவிட்டு எறிந்ததாக நினைப்பதும் எறிதலன்று. அது குப்பையை வீட்டிலிருந்து நுளம்பின் வீட்டுக்கு மாற்றுதல். நெருங்கிய பொருள்களிடையே கறையான் ஏறினால் சுவரோரத்தில் மண்கோடு தெரிவதற்குள் உள்ளிருப்பது தூளாகிவிடும். ஆகவே குறைக்கத்தான் வேண்டும், அஞ்சாது குறைக்கவேண்டும்.

எதைக் குறைப்பது என்பதிலேதான் இடறுகின்றோம். பயன்படுகின்றதா என்ற ஒரே கேள்வியால் எல்லாவற்றையும் அளக்கின்றோம். தயிர்ச்சட்டிக்கு அக்கேள்வி போதும். ஏட்டுக்குப் போதாது.

பழந்தமிழ் நூல்களைத் தேடி ஊரூராக நடந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942), தாம் கண்டதைத் தம் வரலாற்றில் எழுதிவைத்திருக்கின்றார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருந்தன என்று கேள்வியுற்றுச் சென்றார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறிதல் பாவம் என்று கருதி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்று விடை கிடைத்தது. வேறிடங்களில் ஆடிப்பதினெட்டுப் பெருக்கிலே ஏடுகளை விட்டார்கள். இதிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இச்செயல்களைச் செய்தோர் தமிழ்ப் பகைவர் அல்லர், சோம்பரும் அல்லர். வீட்டையும் கோயிலையும் ஒழுங்காக வைத்திருக்க விரும்பிய நல்லோர். ஏட்டுக்குச் செய்யவேண்டிய மரியாதையையும் குறைவறச் செய்தார்கள். படிக்க மட்டும் இல்லை.

இதற்கு எதிரான நிகழ்ச்சியும் அவர் வாழ்விலேயே உண்டு. பத்துப்பாட்டை அவர் 1889 இல் அச்சிட்டார். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் மலைப்பூக்களை வரிசையாக அடுக்குகின்றார். கிடைத்த பிரதிகளில் அவ்வரிசையிற் சில பூக்களின் பெயர் இல்லை. ஏட்டின் இடம் வெறுமையாகக் கிடந்தது. தருமபுர ஆதீனத்தில் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாது கட்டிவைத்திருந்த ஒற்றை ஏடுகளைப் புரட்டியபோதே விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. ஒற்றை ஏடுகள்! சுவடியினின்று கழன்றவை, தலையும் காலும் இல்லாதவை. தும்புத்தடிக்காரர் கண்ணில் அவற்றினும் தெளிவான குப்பை வேறு எதுவும் இராது. மடத்திலே யாரோ ஒருவர் அவற்றை எறியாது ஒரு கட்டாகக் கட்டிவைத்தார். அவர் பெயரை யாரும் அறியார்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். இது பயன்படுமா என்பதற்கு முன், இது போனால் மீண்டும் கிடைக்குமா என்று கேட்டல் வேண்டும். சட்டி கிடைக்கும். மேலங்கி கிடைக்கும். கடையிலே கிடைக்கும் யாதொன்றும் பரணில் இடம்பெறத் தேவையில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வயற்கணக்கு எந்தக் கடையிலும் கிடையாது.

நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். திருகோணமலை வே. அகிலேசபிள்ளை (1853–1910) ஏடுகளைத் தேடித் தொகுத்த பெரியார்களுள் ஒருவர். அவர் எழுதிய திருக்கோணாசல வைபவம் அவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரே அச்சுக்கண்டது. அத்தனை காலமும் அது ஒரு வீட்டிலே கிடந்தது என்பதை எண்ணிப்பாருங்கள். எத்தனை பொங்கல், எத்தனை வருடப்பிறப்பு, எத்தனை முறை வீடு கழுவல்! வெருகற் பெருமான்மீது தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் பாடிய காதற்பிரபந்தமும் ஏட்டிலிருந்தே நம் கைக்கு வந்தது.

கோணேசர் கல்வெட்டின் கதை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பெயர் கல்வெட்டாயினும் அது கவிராசவரோதயர் பாடிய நூல். கோணேசர் கோயிலிலே தானத்தார் செய்வது யாது, வரிப்பத்தார் செய்வது யாது, எப்பொருளை யார் கொடுப்பது, யார் காப்பது என்று அது வகுத்துக் கூறுகின்றது. வீடுகளை ஒழுங்குசெய்ய விரும்புவோர் படிக்கவேண்டிய நூல் என்று நான் சொன்னால் நகைக்கவேண்டா. பொருளுக்கு இடம் வகுப்பதோடு ஆளுக்குப் பொறுப்பு வகுத்தாலன்றி எந்த இல்லமும் ஒழுங்கில் நில்லாது. எட்டுப்பேர் வாழும் வீட்டில் ஒருத்தி மட்டும் எடுத்துவைக்க, எழுவர் எடுத்துப் போட்டால் அலுமாரி எத்தனை வாங்கியும் என்ன? விளக்கெண்ணெய்க்கு ஒருவர், பூவுக்கு ஒருவர் என்று பிரித்த பழையவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்துத் தகர்த்தனர். அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. கட்டடம் போயிற்று, அதனை நடத்தும் முறையைச் சொல்லும் ஏடு மிஞ்சியது. திருவுருவங்கள் சிலவும் மிஞ்சின. 1950 இல் திருகோணமலையிலே கிணறு வெட்டியபோது அவை மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பகைவர் வருமுன் அடியார் புதைத்தவை என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. புதைத்தவர்களுக்கு நேரம் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். எதை எடுப்பது என்பதை அவர்கள் அன்று புதிதாக ஆலோசித்திருக்க முடியாது. முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வெருகல் மக்களுக்கு அந்த நேரம் நம் காலத்திலேயே இருமுறை வந்தது. 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை கரையோரத்தை அடித்துச் சென்றது. அதன் காயம் ஆறுமுன், 2006 ஆம் ஆண்டின் நடுவிலே மாவிலாற்று அணைக்கட்டைப் பற்றி மூண்ட போர் ஈச்சிலம்பற்று, வெருகற் பகுதியை வெறுமையாக்கியது. மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைக்கும், பின் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் சென்று கூடாரங்களில் இருந்தனர். 2007 இலிருந்தே படிப்படியாகத் திரும்பினர். திரும்பியவர்களை அலுவலகங்கள் கேட்டது சட்டியையோ அலுமாரியையோ அன்று. பிறப்புச் சான்றிதழ் எங்கே, அடையாள அட்டை எங்கே, காணியின் உறுதி எங்கே, அனுமதிப்பத்திரம் எங்கே என்றே கேட்டன. ஒரு தாள் இல்லாமையால் தன் வளவைத் தனது என்று நிறுவ முடியாது அலைந்தவர் எத்தனை பேர்! அந்தத் தாளை ஓர் உறையிலிட்டு வாயிலருகே மாட்டிவைத்திருந்த குடும்பம் ஓடும்போதும் அதைக் கையிலெடுத்து ஓடியது. வீட்டொழுங்கின் பெரும்பயன் இதுவே என்று கருதுகின்றேன். விருந்தினர் கண்ணுக்கு அழகாயிருத்தல் அதற்குப் பின்னையது.

வீட்டுப்பரணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1981 மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. அதன்பின் அந்நூல்களின் மறுபடிகளை எங்கே தேடுவது? தனியார் வீட்டுப் பெட்டிகளிலும் அலுமாரிகளிலும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூல் தொகுப்பிலே இன்று நாம் படிக்கும் பழைய இதழ்களும் மலர்களும் பலவாறு வீடுகளிலிருந்து வந்தவையே. கோயிற் கும்பாபிடேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வழங்கும் நினைவு மலர் ஆகியவை படித்தவுடன் எறியப்படுபவை. ஊரின் வரலாறோ பெரும்பாலும் அவற்றிலேதான் அச்சாகியிருக்கிறது.

மாணவர்க்கு இதில் ஒரு வேலை உண்டு. பரண் இறக்கும் நாளிலே வீட்டிலிருங்கள். சாக்கை அவிழ்க்கும்போது பாட்டியாரை அருகில் இருத்துங்கள். இது யாருடையது என்று அவர் ஒருவரே சொல்லுவார். சொன்னதை ஒரு தாளிலெழுதி அப்பொருளோடு கட்டிவிடுங்கள். ஏடு அகப்பட்டால், படிக்க முடியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேற்றுமை இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். சில நாட் பழக்கத்தில் கண் தெளியும். அது சாதக ஓலையாகவே இருக்கலாம். வைத்தியக் குறிப்பாகவோ மாட்டுக்கடன் கணக்காகவோ இருக்கலாம். அதனால் என்ன? ஒருவரைக் கொண்டு படித்தறிந்தபின் எறிவதா வைப்பதா என்று தீர்மானிக்கலாம்.

வைப்பதாயின் முறை எளிது. தூசியை மென்துணியால் துடைத்து, நிழலிலே காற்றாட விடவேண்டும்; வெயிலில் இட்டால் ஓலை முறியும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்துத் தடவித் துடைக்க, எழுத்தின் கீறலிலே கரி தங்கும். நடுவே ஒரு துண்டு வசம்பு வைத்தால் பூச்சி அணுகுவது குறையும். இரு மரச்சட்டங்களுக்கிடையே வைத்து, நூலால் இறுக்காது கட்டித் துணியிற் பொதிந்தால், அது பரணில் ஒரு முழ இடத்துக்கு மேற் கொள்ளாது.