மலையில்லாத் தீவும் மறைந்துபோகும் படச்சுருள்களும்

பனி மூடிய மலைகளைப் படமெடுத்தவர்களின் வரலாற்றுக்கும் மன்னார்த் தீவுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். மன்னார்த் தீவில் மலை எதுவுமில்லை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே கொண்ட மணற்றரை அது. குளிர்காலம் என்று அங்கு சொல்லத்தக்கவை வாடைக்காற்றும் மாரி மழையும் மட்டுமே. ஆயினும், உலகின் மறுகோடியிலுள்ள மலைத்தீவொன்றில் நூறாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தவற்றை அறிந்துகொண்டால், நமது கரையோர மக்களின் வீட்டு அலுமாரிகளில் இன்று எது அழிந்துகொண்டிருக்கின்றது என்பது தெளிவாகும்.

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் தென் ஜோர்ஜியா என்றொரு தீவு உள்ளது. அதன் உயர்ந்த சிகரம் 2,900 மீற்றருக்கும் அதிக உயரமுடையது. அத்தீவிலிருந்து புறப்பட்ட ஏர்னஸ்ட் ஷாக்கிள்டனின் 'என்டூரன்ஸ்' கப்பல் 1915 ஜனவரியில் அந்தாட்டிக் பனிக்கடலில் சிக்கி, அதே ஆண்டு நவம்பரில் மூழ்கியது. குழுவின் புகைப்படக் கலைஞர் அவுஸ்திரேலியரான பிராங்க் ஹேர்லி. நொறுங்கிய கப்பலினுள் நிரம்பியிருந்த உறைநீரில் இறங்கி, பெட்டிகளில் அடைக்கப்பட்டிருந்த கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை அவர் மீட்டெடுத்தார். ஆனால், பனியின்மீது இழுத்துச் செல்லக்கூடிய சுமைக்கு எல்லை இருந்தது. ஷாக்கிள்டனும் ஹேர்லியும் தகடுகளைப் பார்த்துப் பார்த்துச் சுமார் 120ஐத் தெரிந்தெடுத்தனர். எஞ்சிய சுமார் 400 தகடுகளை, பின்னர் மனம் மாறிவிடக்கூடாது என்பதற்காக, அவ்விடத்திலேயே உடைத்தெறிந்தனர். அதன்பின் ஹேர்லியிடம் இருந்தவை சட்டைப்பையில் அடங்கும் ஒரு கொடாக் கமெராவும் மூன்று படச்சுருள்களுமே.

1916 மே மாதத்தில், குளிர்காலத்தின் வாயிலில், ஷாக்கிள்டனும் தோழர் இருவரும் தென் ஜோர்ஜியாவின் மலைத்தொடரைக் கூடாரமின்றி 36 மணித்தியாலங்களில் கடந்தனர். மலையேற்ற வரலாற்றில் போற்றப்படும் அந்தப் பயணத்துக்கு ஒரு புகைப்படமேனும் இல்லை. ஹேர்லி தமது கமெராவுடன் எலிபன்ட் தீவில் மீட்புக்காகக் காத்திருந்தார். 1917ஆம் ஆண்டு அவர் தென் ஜோர்ஜியாவுக்கு மீண்டும் சென்று அதன் மலைகளையும் உயிரினங்களையும் படமாக்கினார். ஆயின், அம்மூவரின் பயணத்தை அவரால் படமாக்க முடியவில்லை. நிலத்தைப் பின்னர் சென்றும் படமெடுக்கலாம்; கடந்துபோன நாளைப் படமெடுக்க எவராலும் இயலாது.

இன்னொரு நிகழ்வையும் இங்கு குறிப்பிட வேண்டும். 1897இல் பலூன் மூலம் வடதுருவத்தை அடைய முயன்ற சுவீடன் நாட்டு அன்ட்ரேயும் அவரது தோழர் இருவரும் காணாமற்போயினர். 33 ஆண்டுகளின் பின்னர், 1930இல், ஆர்க்டிக் கடலிலுள்ள குவிதோயா என்னும் பனித்தீவில் அவர்களது எச்சங்களும், அவற்றுடன் கழுவப்படாத படச்சுருள்களும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்து 93 படங்கள் மீட்கப்பட்டன. இறந்தோரின் இறுதி நாட்களை உலகம் மூன்று தசாப்தங்களின் பின்னர் கண்டது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? படச்சுருள் என்பது ஒரு மெல்லிய தாங்கியின்மீது, வெள்ளி உப்பின் நுண்மணிகள் கலந்த ஜெலற்றின் பூசப்பட்ட பொருளாகும். ஒளி பட்டதும் அம்மணிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நிகழ்கின்றது. இரசாயனக் கரைசலில் கழுவும்போது அம்மாற்றமே உருவமாக வெளிப்படுகின்றது. இதனைச் சிதைப்பவை வெப்பமும் ஈரமும். குளிர் அச்சிதைவைத் தாமதப்படுத்துகின்றது. பனிமலையில் படமெடுப்பவருக்கு அதே குளிர் இடையூறு என்பது உண்மையே. படச்சுருள் விறைத்து உடையும், விரைவாகச் சுற்றினால் நிலைமின் பொறி தோன்றிப் படத்தில் கோடுகள் விழும், மின்கலம் செயலிழக்கும். ஆயினும், எடுத்த படத்தைக் காக்கும் களஞ்சியமும் அக்குளிரே.

மன்னாரில் நிலைமை இதற்கு நேரெதிரானது. அங்கு படமெடுப்பது எளிது. எடுத்ததைக் காப்பது கடினம். பனிவெளியில் எதிர்ப்படும் சிக்கல்களுள் ஒன்று மட்டும் இங்கும் உண்டு. வெண்பனியைக் காணும் ஒளிமானி அதனைச் சாம்பல் நிறமாகக் கணித்து ஒளியைக் குறைத்துவிடும். உப்பளத்தையும் வெண்மணலையும் கண்டாலும் அது அவ்வாறே ஏமாறும். அனுபவமுள்ள கலைஞர் இரண்டு இடங்களிலும் மானி காட்டுவதைவிடச் சற்று அதிகமான ஒளியை உள்ளே விடுவர்.

தீவில் மலையில்லாவிடினும் மன்னாருக்குத் தெற்கே கடலுக்கு எதிராக நிமிர்ந்து நிற்கும் செம்மண் மேடுகள் உண்டு. அரிப்பு கடற்கரையிலும், அதற்கும் தெற்கே வில்பத்து வனத்தின் விளிம்பிலுள்ள குதிரைமலை முனையிலும் அவற்றைக் காணலாம். உயரத்தால் அன்றிப் பெயரால் மட்டுமே மலையான அந்தக் குதிரைமலையுடன் அல்லி அரசாணியின் கதையை இணைத்துப் பேசுவர் நம் மக்கள். அரிப்பில் முதலாவது ஆங்கிலேய ஆளுநரான பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய டொரிக் மாளிகையின் பெரும்பகுதி இடிந்துவிட்டது. அது நிற்கும் மேட்டைக் கடல் அரித்துக்கொண்டிருக்கின்றது. அன்று இருந்த கரை எது, இன்று எஞ்சியுள்ள கரை எது என்பதைக் காட்ட வல்லவை பழைய புகைப்படங்களே.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய கண்ணாடித் தகடுகள் சிவப்பு நிறத்தை உணராதவை. ஆகையால் செம்மண் மேடு அவற்றில் இருண்டு தோன்றும், நீலவானம் வெளிறிப்போகும். புகைப்படம் சான்றுதான், எனினும் எந்தக் கருவியால், எக்காலத்தில் எடுக்கப்பட்டது என்பதை அறிந்தே அச்சான்றைப் படித்தல் வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைக் காட்டும் படங்கள் பல இன்றும் உள்ளன. 1908ஆம் ஆண்டு கன்ஸ், ஸ்டீவன்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட முத்து பற்றிய பெருநூலிலும் அத்தகைய படங்கள் உண்டு. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த சுழியோடிகள் அன்று இக்கரையில் கூடினர். ஆனால், அவர்களைப் படமெடுத்தவர்கள் பிறர். அப்படங்கள் தொலைவிலுள்ள நூலகங்களில், சீரான வெப்பநிலையில் பாதுகாக்கப்படுகின்றன. இந்தக் கரையின் மக்கள் தாமே தம்மைப் படமெடுக்கத் தொடங்கிய 1950களுக்குப் பின்னரான காலத்தின் படங்களுக்கோ அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

1990 ஒக்டோபர் மாத இறுதியில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். 70,000க்கும் மேற்பட்டோர் தாயகத்தை இழந்தனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடற்கரையில் காத்திருந்து படகுகளில் கற்பிட்டிக்குச் சென்றனர். அதே ஆண்டு மூண்ட போரால் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இராமேஸ்வரக் கரையை நாடிப் படகேறின. 2008ஆம் ஆண்டு மன்னார்ப் பெருநிலப்பரப்பின் தமிழ் மக்கள் முல்லைத்தீவை நோக்கித் துரத்தப்பட்டனர். ஹேர்லிக்கு அமர்ந்து தெரிந்தெடுக்க அவகாசம் இருந்தது. இம்மக்களுக்கு அதுவும் இருக்கவில்லை. கையிலிருந்த குழந்தைக்கும் காணி உறுதிக்கும் அடுத்தபடியாகவே எவரும் அல்பத்தை நினைத்திருப்பர். பலர் அதனையும் நினைத்திருக்க முடியாது.

இழந்தவை வெறும் கலியாணப் படங்கள் என்று கருதுவது தவறு. மணமக்களின் பின்னால் தெரியும் கிணறு, பள்ளிவாசலின் மினாரா, கோவில் திருவிழாவில் நின்ற கூட்டம், மையவாடியின் மதில், பாடசாலையின் ஓட்டுக்கூரை, தலைமன்னார் இறங்குதுறையில் 1984 வரை வந்துபோன இராமேஸ்வரக் கப்பல் ஆகியவை யாவும் அப்படங்களின் பின்புலமாக இருந்தன. அன்று பின்புலமாக இருந்ததே இன்று முக்கியமான செய்தியாகிவிட்டது. 2017 மார்ச் மாதம் மாவில்லு வனப்பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தமது பூர்வீகக் காணிகளும் அதனுள் அடங்குவதாக முசலிப் பிரதேச மக்கள் முறையிட்டனர். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இருபது ஆண்டுகள் மனிதர் இல்லாத இடத்தில் மரம் வளர்வது இயல்பு. அங்கு முன்னர் ஊர் இருந்ததா என்ற கேள்விக்கு உறுதிகளோடும் முதியோர் வாக்குமூலங்களோடும் சேர்த்து வைக்கத்தக்க சாட்சி, நாள் தெரிந்த ஒரு புகைப்படம். அது தனித்து வழக்கை வெல்லாது. ஆயினும் மற்றச் சான்றுகளுக்கு வலுவூட்டும்.

ஆகவே, எஞ்சியவற்றைக் காப்பது இன்றைய கடமையாகும். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மண்டபம் முகாமிலும் ஐரோப்பிய நகரங்களிலும் வாழும் மன்னார் உறவினரிடம் படங்களும் நெகட்டிவ்களும் சிதறிக் கிடக்கக்கூடும். வெளியூருக்கு அனுப்பிய கலியாணப் படமே இன்று மிஞ்சியுள்ள ஒரே பிரதியாக இருக்கலாம். படத்தைவிட நெகட்டிவே மூலம் என்பதால் கடித உறைகளுக்குள் கிடக்கும் துண்டுச் சுருள்களை எறிந்துவிடலாகாது. வினாகிரியின் வாசனை வீசினால் அச்சுருளின் அசிற்றேற்றுத் தாங்கி சிதையத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அதனை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் பிரதி செய்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை ஈரத்துணியால் துடைக்கலாகாது. ஜெலற்றின் கரைந்து உருவமும் அழிந்துவிடும். பசைத்தாள் அல்பங்களையும் மலிவான பிளாஸ்டிக் உறைகளையும் தவிர்த்து, உலர்ந்த கடதாசி உறைகளில் இட்டு, கூரைச்சூடு படாத அறையில் வைப்பது நன்று. வர்ணப் படங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களைவிட விரைவில் மங்குவதால் அவற்றுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும்.

அனைத்தையும்விட அவசியமானது, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ஊர், ஆண்டு, நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பது. அவற்றைச் சொல்லக்கூடிய வாப்பாவும் அப்பாவும் முதுமையடைந்துவிட்டனர். படச்சுருளுக்கு முன்னரே அவர்களது நினைவு மறைந்துபோகலாம். 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்ற அமைப்புகள் உள்ளன. பள்ளிவாசல் நிருவாகங்களும் பங்குகளும் கோவில் சபைகளும் பாடசாலைகளும் தத்தம் ஊரின் படங்களைத் திரட்டி அத்தகைய அமைப்புகளுடன் இணைந்து பணியாற்றலாம்.

தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கிணற்றடியில், ஒரே மீன்வாடியில், ஒரே வகுப்பறையில் நிற்கும் படங்கள் பல வீடுகளில் இருந்தன. 1990க்கு முன்னர் நாம் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு அவற்றைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. குவிதோயாவின் பனி, அந்நியர் மூவரின் படங்களை 33 ஆண்டுகள் காத்துக் கொடுத்தது. மன்னாரின் உப்புக்காற்று எதனையும் நமக்காகக் காத்துத் தராது. அந்தக் காவலை நாமே ஏற்றாக வேண்டும்.