துல்லியப் பண்ணையமும் நம் நெல் மூட்டையும்



'துல்லியப் பண்ணையம்' என்ற சொல் விவசாயத் துறைக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. அது விவசாயி சமாசாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். செஞ்சியில் நெல் வாங்கி விற்பவர்கள் அப்படி இருக்க முடியாது. கமிட்டிக்கு வரும் 75 கிலோ மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்க்கிறோம். ஒரே பிடியில் முற்றிய நெல்லும் பச்சை நெல்லும் பதரும் கலந்து வந்தால், அந்தக் குறை பெரும்பாலும் களத்தில் வந்ததல்ல, வயலிலேயே வந்தது.

ஒரே வயலில் மேடும் பள்ளமும் இருக்கும். பள்ளத்தில் தண்ணீரும் உரமும் தேங்கும், மேட்டில் காயும். பள்ளத்துப் பயிர் கரும்பச்சையாக வளர்ந்து தாமதமாக முற்றும். காற்று மழை வந்தால் சாய்ந்தும் விடும். புகையான் பூச்சியும் முதலில் அங்கேதான் இறங்கும். அறுவடை இயந்திரத்துக்கு மேடு பள்ளம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்து ஒரே மூட்டையில் கொட்டுகிறது. அரசுக் கணக்கில் 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி, புழுங்கலானால் 68 கிலோ. அதில் முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்பதில்தான் நம் லாப நட்டம் இருக்கிறது. பச்சை நெல் அரவையில் உடையும். மளிகைக்கடைக்காரர் 'போன மாதம் கொடுத்த பொன்னி மாதிரி இல்லையே' என்று சலித்துக்கொள்வதன் வேர் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது.

மேடு பள்ளம் அறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் உரமும் நீரும் கொடுப்பதே துல்லியப் பண்ணையம். அமெரிக்காவில் 1990களில் அறுவடை இயந்திரத்திலேயே விளைச்சல் அளக்கும் கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் துணையோடு வயலுக்கு வரைபடம் போட்டார்கள். அங்கே ஒரு பண்ணை சராசரி 400 ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. அந்த இயந்திரத்தை நம் வயலில் இறக்கினால் திரும்பவே இடமிருக்காது.

நம் மாநிலத்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004 முதல் மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேரில் நடத்திய திட்டம் அது. முதல் ஆண்டு 100 சதம் மானியம், அடுத்து 90, பிறகு 80. உளிக்கலப்பையால் ஆழ உழுது, குழித்தட்டில் நாற்று வளர்த்து, சொட்டுநீரோடு உரத்தையும் கரைத்து விட்டார்கள். ஆனால் அது பெரும்பாலும் காய்கறிக்கு. விவசாயிகள் குழுவாகச் சங்கம் வைத்து, இடுபொருள் வாங்குவதையும் விற்பதையும் சேர்ந்தே பேசினார்கள் என்பது அதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

நெல்லுக்கு வந்தது இதைவிட எளிய சாதனம், இலை வண்ண அட்டை. பச்சை நிறத்தின் பல சாயல்கள் வரிசையாக உள்ள பிளாஸ்டிக் அட்டை. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகப் பரவியது. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வயலில் பத்து இடங்களில் மேலிருந்து மூன்றாவது விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் வெளுத்தால் மட்டும் உரம். சம்பாப் பட்டத்தில் ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து. யூரியாவாகக் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 26 கிலோ, 45 கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேல்.

இவ்வளவு சுலபமானது ஏன் எல்லோரிடமும் போகவில்லை? நம்மிடம் நெல் போடும் விவசாயிகளைக் கேட்டால் காரணம் தெரியும். யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய்க்குச் சற்று மேல்தான், அதை மிச்சம் பிடிப்பது பெரிதாகத் தோன்றுவதில்லை. பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்க, தன் வயல் மட்டும் வெளிர்ந்து நின்றால் வரப்பில் போகிறவன் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை. உரத்தைக் கடனுக்கு எடுப்பவர் கடைக்காரர் கொடுத்ததைத்தான் போடுவார். இந்தக் கடன் முறையில் நம் வணிகர்களுக்கும் பங்கு உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும் என்கிறார்கள். சொல்வது சரி. ஆனால் கிணற்றுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது பாய்ச்சிக்கொள்பவரிடம் குழாய் பார்த்துப் பாய்ச்சச் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்.

இப்போது டிரோன் வந்திருக்கிறது. மகளிர் குழுக்களுக்கு மானியத்தில் 15,000 டிரோன்கள் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்குப் பல டேங்கு தண்ணீர் சுமக்க வேண்டும், டிரோனுக்குச் சுமார் பத்து லிட்டர் போதும். கூலியாள் கிடைக்காத காலத்தில் இது பெரிய உதவி. ஆனால் வேகமாகத் தெளிப்பது வேறு, துல்லியம் வேறு. வயல் முழுதும் ஒரே அளவு தெளித்தால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். 2021இல் வந்த நானோ யூரியாவை நம்பி மூட்டை யூரியாவைப் பாதியாகக் குறைத்தபோது நெல், கோதுமை விளைச்சல் குறைந்ததாகப் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சோதனை சொல்லியிருக்கிறது. புதிது என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அட்டை பார்த்து உரமிடும் விவசாயி ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "இவ்வளவு பக்குவம் பார்த்து விளைவிக்கிறேனே முதலாளி, விலையில் என்ன வித்தியாசம் காட்டுவீர்கள்?" நியாயமான கேள்வி. எல்லா நெல்லையும் ஒரே அம்பாரத்தில் கொட்டி ஒரே விலை போட்டால் அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? ஒரே இரகம், சீராக முற்றியது, ஈரம் 17 சதத்துக்குள் என்றால் அந்தக் குவியலை இப்போது தனியாகவே எடுத்து, தனியாகவே அடுக்கி, தனியாகவே அரவைக்கு அனுப்புகிறேன். நொய் குறைகிறது என்று ஆலைக்காரர் சொல்கிறார். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மூட்டை விலையில் சேர்த்துக் கொடுக்கிறேன். இந்தப் பட்டத்தில் அவருடைய பக்கத்து வயல்காரரும் அட்டை கேட்டிருக்கிறார்.