குறிஞ்சிப்பிட்டியும் அதன் நன்னீரும்

குறிஞ்சி என்றதும் மலையும் மலைசார்ந்த இடமும் நினைவுக்கு வரும். ஆனால் புத்தளம் மாவட்டத்திலுள்ள எமது குறிஞ்சிப்பிட்டியில் மலையே இல்லை. 'பிட்டி' என்றால் மேட்டுநிலம். இங்குள்ள மேடோ வெறும் மணல்மேடு. திணை வகுத்தால் எமதூர் நெய்தலே.

எமதூர் அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாடு வடக்கு நோக்கி நீண்ட ஒடுங்கிய மணற்றரையாகும். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு. கச்சான் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் களப்பும் தோட்டமும் மக்களுக்குக் கைகொடுக்கின்றன. இருபுறமும் உப்புநீர் சூழ, ஆறில்லாத இம்மணலில் தென்னையும் வெங்காயமும் மிளகாயும் பீட்றூட்டும் எவ்வாறு விளைகின்றன?

வடகீழ்ப் பருவக்காற்று தரும் மாரிமழை மணலூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. உவர்நீரை விட நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அளவுமீறி இறைத்து அந்த ஓரடி குறைந்தால், காலப்போக்கில் உவர்நீர் அதே 40 மடங்கு மேலேறும். ஆகவேதான் இங்கு கிணறுகளை ஆழமாகத் தோண்டுவதில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். வந்தோருக்கும் இருந்தோருக்கும் குடிக்கவும் பயிரிடவும் இதே நிலத்தடி நீர்தான் உதவியது.

இன்று அந்நீருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மணல் உரத்தைப் பிடித்து வைக்காது. பயிர் உறிஞ்சாத உரம் பாய்ச்சும் நீரோடு கீழிறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்றுக்கே திரும்புகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கற்பிட்டியின் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுந்த நைத்திரேற்று, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனைக் குறைக்கும். கொதிக்க வைத்தால் நீர் சுத்தமாகிவிடும் என நம் உம்மாமார் எண்ணுவதுண்டு. கிருமிகள் அழியும், நைத்திரேற்று அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

உரத்தை அளவறிந்து சிறுகச் சிறுக இடுவதும், தூவல் அல்லது சொட்டுநீர் முறையில் பாய்ச்சுவதும், குடிநீர்க் கிணற்றைப் பரிசோதிப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. வுழூச் செய்யும்போதும் நீரை வீண்விரயம் செய்யலாகாது எனக் கற்றவர்கள் நாம். அந்தப் பேணுதல் தோட்டத்துக்கும் வரட்டும். ஏனெனில், நம் தோட்டத்துக்கும் தொட்டில் குழந்தைக்கும் கிணறு ஒன்றுதான்.