சின்னப் பெட்டிக்கு எந்த அலைவரிசை?

தேர்வெழுதி, உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோவில் உரையாடுபவர்களை 'ஹாம்'கள் என்கிறோம். இன்று அவர்களில் பலரது மேசைமீது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் 'ஹாட்ஸ்பாட்'. கையிலுள்ள ரேடியோ, பேச்சை எண்களாக மாற்றி அலையில் ஏற்றி அனுப்புகிறது. ஹாட்ஸ்பாட் அதை வாங்கி, இணையத்தின் வழியே தொலைதூர ஹாம்களிடம் சேர்க்கிறது. அதன் திறன் சுமார் 10 மில்லிவாட்தான்.

"இத்தனை சிறிய கருவி எந்த அதிர்வெண்ணில் இயங்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பன்னாட்டு விதிகளின்படி 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை ஹாம் செயற்கைக்கோள்களுக்கு இடம் உண்டு. ஒரு கோள் 600 கி.மீ. உயரத்திலிருந்து 1 வாட் திறனில் அலை பரப்புவதாகக் கொள்வோம். அதைக் கேட்க முயலும் அண்டை வீட்டாரின் ஆண்டெனாவிலிருந்து உங்கள் ஹாட்ஸ்பாட் 60 மீட்டரில் இருக்கிறது. அதாவது, 10,000 மடங்கு அருகில்! அலையின் வலிமை தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்தில் மாறும் அல்லவா? ஆகவே 10 கோடி மடங்கு. திறன் நூற்றில் ஒரு பங்கு என்பதால் 100ஆல் வகுத்தால், 10 லட்சம் மடங்கு! சுவர்கள் ஓரளவு குறைத்தாலும், கோளின் மெல்லிய குரல் அமுங்கிப் போகும்.

கோளின் 'காது'க்கும் தொல்லை நேரலாம். இஸ்ரோ 2005 மே 5இல் ஏவிய 'ஹாம்சாட்', 2014 வரை 435.25 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளைக் கேட்டு, 145.9 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் திருப்பி அனுப்பியது. 600 கி.மீ. உயரத்திலிருந்து, சுற்றிலும் சுமார் 2,600 கி.மீ. வரை தெரியும். அப்பரப்பில் ஆயிரம் ஹாட்ஸ்பாட்டுகள் அதே அதிர்வெண்ணில் முணுமுணுத்தால், அத்தனையும் கூடிக் கோளை எட்டும்.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில், நம் உரிமம் அனுமதிக்கும் எல்லைகளை அறிய வேண்டும். அவற்றின் விளிம்பில் உட்காரக் கூடாது. அலைக்கு அகலம் உண்டு. கருவியின் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 435 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அடுத்து, செயற்கைக்கோள் பகுதியை விலக்க வேண்டும். மலைமேல் உள்ள ரிப்பீட்டர் கேட்கும் அதிர்வெண்ணும் ஆகாது. நம் காதுக்கு அது வெறுமையாகத் தோன்றும். உயரத்திலுள்ள ரிப்பீட்டருக்கோ நம் அலையும் எட்டக்கூடும். பல நாடுகளில் கார்ச் சாவிகள் இயங்கும் 433.92 மெகாஹெர்ட்ஸும் வேண்டாம். எஞ்சியதில் ஒன்றைச் சில நாட்கள் கேட்டு, அமைதியாக இருந்தால் அமர்த்தலாம்.

ஹாட்ஸ்பாட் 600 மீட்டர் தள்ளி இருந்தால்? நீங்களே கணக்கிடுங்கள். பத்தாயிரம் மடங்கு என்று விடை வந்தால், உங்கள் கணக்குச் சரி!