மனந்திரும்புதலும் விசுவாசமும்: ஒரு சமூகவியல் நோக்கு

மனந்திரும்புதலும் விசுவாசமும் கிறிஸ்தவ சமயத்தின் இணைபிரியாத இரு கருத்துக்களாகும். மாற்கு நற்செய்தியில் இயேசுவின் முதலாவது அறைகூவல் இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டுகின்றது. இவை தனிமனிதனின் அந்தரங்க உணர்வுகளாகவே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளப்படுகின்றன. ஆயின், இவற்றின் வரலாற்றை நோக்கும்போது, சமூக உறவுகளுக்கேற்ப இவற்றின் பொருள் வேறுபட்டு வந்துள்ளமை புலனாகின்றது.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலே, 'மெற்றனோயா' என்பது மனமாற்றத்தையும், 'பிஸ்டிஸ்' என்பது நம்பிக்கையோடு பற்றுறுதியையும் குறிப்பன. இவற்றின் பின்னணியில், ஏழைகளை நசுக்குவோரின் வழிபாட்டைக் கண்டித்த ஆமோஸ் முதலிய எபிரேயத் தீர்க்கதரிசிகளின் மரபு உண்டு. லூக்கா கூறும் சகேயுவின் கதை இம்மரபினதே. வரிவசூலிப்போர் தலைவனான அவன், உடைமையிற் பாதியை வறியோருக்கு வழங்குவதாகவும், அநியாயமாகப் பெற்றதை நான்மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறுகின்றான். அவனது மனமாற்றம் கண்ணீரால் அன்றி, பொருளுறவின் மாற்றத்தாலேயே அறியப்படுகின்றது.

மத்தேயு நற்செய்தியின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலே இவ்வறைகூவல், 'பரிகாரம் செய்யுங்கள்' எனவும் பொருள்படும் தொடராயிற்று. மத்தியகாலத் திருச்சபையின் பாவசங்கீர்த்தன முறைக்கு அது இயைந்தது. பரிகாரம் செயலாயின் அதனை அளக்கலாம், அளக்கத்தக்கது விலைப்பொருளாகலாம். கோட்பாட்டளவில், பாவமன்னிப்புச் சீட்டு தண்டனையைத் தணிப்பது மட்டுமே. நடைமுறையிலோ, மன்னிப்பையே விலைக்குப் பெறலாம் என மக்கள் கருத நேர்ந்தது. 1517இல் ஜேர்மனியில் அதனால் திரட்டப்பட்ட பணத்தின் ஒரு பகுதி உரோமின் புனித பேதுரு பேராலயத்துக்கும், மறுபகுதி மைன்ஸ் பேராயர் ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் பட்ட கடனுக்கும் உரியதாயிற்று.

இதனை எதிர்த்து அவ்வாண்டில் மார்ட்டின் லூதர் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவது, விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாதல் வேண்டும் என்பதாகும். எராஸ்மஸ் 1516இல் பதிப்பித்த கிரேக்க மூலமும் சொல்லின் பழம்பொருளை மீட்க உதவிற்று. விலைப்பொருளாகியிருந்த மனந்திரும்புதல் மீண்டும் உள்ளத்துக்குரியதாயிற்று.

ஆனால் அது உள்ளத்தோடு நின்றுவிடுவதா? 1525இல் ஜேர்மன் விவசாயிகள் தமது பன்னிரண்டு கோரிக்கைகளில், கிறிஸ்து எல்லோரையும் மீட்டாராதலின் எவரும் பண்ணையடிமையாதல் தகாது என வாதிட்டனர். முதலில் இளவரசர்களையும் கண்டித்த லூதர், கிளர்ச்சி முற்றியதும் அதனை ஈவிரக்கமின்றி நசுக்குமாறு அவர்களைத் தூண்டினார். விவசாயிகளின் பக்கம் நின்ற தோமஸ் முன்ட்சர் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார். இப்போராட்டத்தை 1850இல் ஆராய்ந்த ஏங்கெல்ஸ், அதன் சமய மொழியினுள் வர்க்க நலன்கள் இயங்கியமையை எடுத்துக்காட்டினார்.

எனினும், சமய மொழியை வெறும் போர்வையெனத் தள்ளிவிடுதல் போதிய விளக்கமாகாது என்பதே எமது கருத்து. அடிமைத்தனத்தை அநீதியென்று கூறும் துணிவை அவ்விவசாயிகள் தம் விசுவாசத்திலிருந்தே பெற்றனர். தமிழ் விவிலியத்தில் வழங்கும் 'மனந்திரும்புதல்' என்ற சொல்லாட்சியிலும் திசைமாற்றக் கருத்துப் பொதிந்துள்ளது. மனம் எதிலிருந்து, யாரை நோக்கித் திரும்புகின்றது என்னும் வினாவுக்குச் சகேயு அளித்த விடையைவிடத் தெளிவானதொன்றை நாம் காணவில்லை.