அடிக்கிற கைதான் அணைக்குமா?

ஏழாம் வகுப்பில் பழமொழிகளுக்கு விளக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பதற்கு எதிரே ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "எங்க அப்பா கை அம்மாவை அணைச்சு நான் பார்த்ததில்ல டீச்சர்." அந்தப் பழமொழியை இத்தனை ஆண்டுகள் யோசிக்காமலே நடத்தியிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்து நான் செய்தது தவறு. அவளுடைய அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்து அறிவுரை சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். 'வீட்டு விஷயத்தை ஸ்கூல் வரைக்கும் கொண்டுபோனது யார்?' என்று கேட்டு அன்றிரவு அம்மாவுக்கு இன்னும் அடி. பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

அதன் பிறகே, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அடிப்பது மட்டுமல்ல, இழிவாகப் பேசுவதும் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் அதில் வன்முறைதான். நமக்கு முக்கியமானது 4ஆவது பிரிவு. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. 'இதில் டீச்சருக்கு என்ன வேலை?' என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஆனால் 'தரலாம்' என்பதைக் கவனியுங்கள். குழந்தைமீது பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி புகார் தந்தே ஆக வேண்டும். இங்கே, அடிபடும் பெண்ணிடம் முதலில் பேசுவதே முறை. நான் தவறவிட்டதும் அதைத்தான்.

அந்த அம்மாவைத் தனியே சந்தித்தேன். "அவரை ஜெயில்ல போட்டா சோத்துக்கு என்ன பண்றது டீச்சர்?" என்றார். பல பெண்களின் வாயை அடைப்பது இந்தக் கேள்விதான். இந்தச் சட்டமோ சிறையில் தொடங்குவதில்லை. இனி அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் பாதுகாப்பு ஆணை தரலாம். பராமரிப்புத் தொகை தரச் சொல்லலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவியை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

181 என்ற உதவி எண்ணைச் சொன்னேன். கைப்பேசியைக் கணவர் பார்ப்பார் என்பதால் மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் அழைத்தார். அதுவரை நான் எதுவும் கேட்கவில்லை. அது எளிதாக இல்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது தனி. பெருக்குவதற்குப் பெண் பிள்ளைகள், மணியடிக்கப் பையன்கள் என்று பட்டியல் போட்டிருந்தவளும் நான்தான். அதை மாற்றினேன். பழமொழியை இப்போதும் நடத்துகிறேன், கேள்வியாக. சென்ற வாரம் ஒரு பையன் எழுந்து, "அணைக்கணும்னா அடிக்காமலே அணைக்கலாமே டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.